கட்டுத்தரை டம்ளர்

ஆல்பா கதிரைக் காகிதமே தடுக்கும், பீட்டாவுக்கு அலுமினியத் தகடு போதும், காமாவுக்குத் தடித்த ஈயம் வேண்டும். கோபியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் இதை வாய்கிழியச் சொல்கிறவன் நான்.

தைராய்டு புற்றுநோய்க்காக என் மனைவிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். டாக்டர் சொன்ன தனிமை நாட்கள் முடிந்தும், அம்மா அவளுக்கு மாட்டுக் கட்டுத்தரையில் தொங்கும் டம்ளரில்தான் காபி ஊற்றினார். தோட்டத்து ஆட்களுக்கென்று ஒதுக்கிய டம்ளர் அது.

"ஏம்மா, இனிப் பயமில்லைன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. ஆளுக டம்ளர்லயா இவளுக்குக் குடுப்பீங்க?" என்று கத்தினேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். "அந்த ஆளுக மேல என்ன கதிரியக்கமுங்க இருந்துச்சு?"

பிறந்ததிலிருந்து அந்த டம்ளரைப் பார்க்கிறேன். அவள் கைக்கு வந்த அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது.