முனகல் காணாமல் போன காலை

செம்பூரில் நான் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த கல்லூரியில், டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் ஆய்வகம் அமைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஒலியை எண்களாக மாற்றி, அதில் வேண்டாததைக் கணக்குப் போட்டுக் கழித்து, மறுபடி ஒலியாக்கும் பாடம் அது. பல்கலைக்கழகக் குழு வந்து பார்த்து, ஆய்வகம் ஒழுங்காக ஓடுகிறது என்று சொன்னால் பாடம் தொடரும். இல்லையென்றால் பாடத்தோடு நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தாராவியில் எங்கள் சந்தே என்னை ‘புரொபசர்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்த நேரம். அந்த வேலையை விட எனக்கு மனமே இல்லை.

கருவிகள் வந்தன, மேசைகள் வந்தன. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்து மட்டும் சரியில்லை. கட்டடத்துக்கு வெளியே இருந்த எர்த்துக் குழி காய்ந்து கிடந்ததால், எந்த ஸ்பீக்கரை இயக்கினாலும் ‘ம்ம்ம்’ என்று கரண்டின் முனகல் கேட்டது. துறைத் தலைவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். எதையும் முடியாது என்று சொல்ல மாட்டார், செய்யவும் மாட்டார். “பாத்துக்கலாம்மா, டென்ஷன் எதுக்கு” என்பார்.

எனக்குக் கோபம் வந்தால் குறும்பும் கூடவே வரும். அந்த முனகலையே முதல் சோதனையாக வைத்துவிட்டேன். மாணவர்கள் மைக்கில் பேசுவார்கள், பேச்சோடு முனகலும் சேர்ந்து கேட்கும். அவர்களே கணினியில் எழுதிய ஃபில்டர் நிரலை ஓட்டினால் முனகல் மட்டும் போய்விடும். எந்தப் பெரிய கல்லூரியிலும் இவ்வளவு தரமான முனகல் கிடைக்காது என்று எனக்குப் பெருமை வேறு.

குழு வரும் நாள் காலையில் ஸ்பீக்கரைப் போட்டேன். கப்சிப். துறைத் தலைவர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்.

“நேத்து சாயங்காலமே குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டு, தண்ணி விடச் சொல்லிட்டேன். இப்போ ஏக்தம் க்ளீன், துளி சத்தம் கிடையாது. நீ கேட்டுண்டே இருந்தியோல்லியோ?”

கோபத்தில் எனக்கு வீட்டுத் தமிழ் வந்துவிடும். “இத்தன மாசமா கெஞ்சுனேன், இன்னைக்குன்னு பாத்தா செஞ்சிய? நான் இனி எதை ஃபில்டர் பண்ண சார், ஒங்களையா?”

அதற்குள் குழு வந்துவிட்டது. ஒரு மாணவி மைக்கில் பேசினாள். ஃபில்டர் இல்லாமல் ஒரு முறை, ஃபில்டரோடு ஒரு முறை. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. குழுத் தலைவர், பருத்த உடம்புக்காரரான ஒரு மராத்தியர், இதில் என்ன வித்தியாசம் என்று இந்தியில் கேட்டார்.

சட்டென்று மைக்கைக் கழற்றிவிட்டு, கம்பியின் வெறும் முனையை அவரிடம் நீட்டினேன். கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். ஷாக் அடிக்குமா என்று தயங்கினார். அடிக்காது என்று நானே முதலில் தொட்டுக் காட்டினேன், ஸ்பீக்கர்கள் லேசாக முனகின. சுவருக்குள் ஓடும் கரண்டின் முனகலை மனித உடம்பு ஆன்டெனா போல வாங்கிக்கொள்ளும். அவர் பிடித்ததும் எல்லா ஸ்பீக்கர்களும் ‘ம்ம்ம்’ என்றன. விட்டார், நின்றது. பிடித்தார், முனகியது. மாணவி ஃபில்டரை ஓட்டினாள். அவர் பிடித்தபடியே இருக்க, சத்தம் அடங்கிப் போனது.

அவருக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. கம்பியை எங்கள் துறைத் தலைவர் கையில் திணித்துவிட்டு, தானே கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். துறைத் தலைவர் முனகினார், அடங்கினார், மறுபடி முனகினார். குழுவே சிரித்தது. கடைசியில் குழுத் தலைவர் எழுந்து, இந்தப் பாடமும் இருக்கட்டும், இந்த டீச்சரும் இருக்கட்டும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். துறைத் தலைவர் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றார். விடச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.