பீட்ரூட்டும் அரைக்கீரையும்

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ரத்தம் போதவில்லை. ஏழாவது மாதம். டாக்டரம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "ரொம்ப கம்மியா இருக்கும்மா. பீட்ரூட், கீரை நல்லா சாப்பிடுங்க. ஏறலைனா இங்க பிரசவம் பாக்க மாட்டேன், வேலூருக்குப் போயிடுங்க" என்றார். மாத்திரையும் கொடுத்தார், விழுங்கிய வேகத்தில் வாந்தி எடுத்தேன். எங்கள் தெருவிலிருந்து வேலூருக்குப் பிரசவத்துக்குப் போன ஒருத்தி திரும்பி வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் ஜைனர்கள். மண்ணுக்கடியில் விளைவது எதுவும் எங்கள் சமையலறைக்குள் வராது. பிடுங்கினால் செடியே செத்துப்போகும், அதை ஒட்டியிருக்கும் சிற்றுயிர்களும் சாகும். கீரை வரும், ஆனால் மழைக்காலம் நான்கு மாதமும் வராது, இலைக்கடியில் பூச்சி இருக்கும் என்பதால். அப்போது ஆவணி. டாக்டரம்மா தேடித் தேடி இந்த இரண்டையும் பிடித்திருந்தார்.

என் கணவர் அறிவியல் வாத்தியார். பள்ளிக்கூடத்திலிருந்து சத்து அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்து, நோட்டில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இரும்புச்சத்து, அந்தப் பக்கம் பாவம் என்று எழுதினார். இரும்பில் அரைக்கீரைக்குப் பக்கத்தில் பீட்ரூட்டால் நிற்கவே முடியவில்லை. பாவத்திலும் கீரையே தேவலை: கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், பூச்சி இருந்தால் எடுத்துவிடலாம். நோட்டை என் மாமியாரிடம் நீட்டினார்.

"கீரை பச்சையா இருக்குதேடா. அதுலேர்ந்து ரத்தம் எப்படிடா வரும்?" என்றார் மாமியார்.

கணவரிடம் இதற்குப் பதில் இருந்தது. அவர் அதை விளக்கி முடிப்பதற்குள் மாமியார் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அதுவரை பீட்ரூட் வாங்கியதே இல்லை என்பதால், இருப்பதிலேயே சிவப்பானதாகக் கேட்டு வாங்கினாராம். கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, தனிச் சட்டியில் வேகவைத்துக் கொடுத்தார். ஒரு மாதம் தின்றேன். மண் வாடை அடித்தது. என் நாக்கு சிவந்ததைப் பார்த்து அவர் திருப்தியாகத் தலையாட்டினார். ரத்தம் மட்டும் ஏறவில்லை.

இன்னும் ஒரு மாதம் பார்ப்பதாக டாக்டரம்மா சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலை மாமியார் முறம் நிறைய அரைக்கீரையோடு வாசலில் உட்கார்ந்தார். ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தார். பூச்சி அகப்பட்டால் அதை இலையோடு கொண்டுபோய் வேலியில் விட்டுவிட்டு வந்து, அடுத்த இலையை எடுத்தார். பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. மலைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் தெருவில் வெயில் வேறு சீக்கிரமே போய்விடும். அதனால் விடிந்ததும் ஆரம்பித்துவிடுவார். பூச்சிகளோடு அவர் அவ்வப்போது பேசியதும் உண்டு.

ரத்தம் கொஞ்சம் ஏறியது. டாக்டரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் என்னைச் சேர்த்துக்கொண்டார். பெண் குழந்தை, இந்த ஊரிலேயே பிறந்தது.

அது தவழ ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன், மாமியார் தயிர் ஊற்றிக்கொள்வதே இல்லை. தயிர் இல்லாவிட்டால் சோறு இறங்காத மனுஷி. என்னவென்று கேட்டேன். பீட்ரூட் வாங்கிய அன்றே ஆயுசுக்கும் விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"அதுலதான் ஒண்ணுமே இல்லையே அத்தை. எனக்கு ரத்தம் ஏறவே இல்லையே. இனிமே ஊத்திக்கோங்க."

"ரத்தம் வரலைனா பாவமும் வராதா?" என்று கேட்டுவிட்டு, தன் பங்குத் தயிரையும் என் தட்டில் ஊற்றினார்.