போத்தலில் இல்லாத சன்னல்

இருபத்தைந்து வயதில் ஒரு வெறும் போத்தல்மேல் எனக்கு வந்த கோபம் மனிதர் யார்மேலும் வந்ததில்லை. ஆசிரியர் தராதரப் பத்திரப் பரீட்சையில் மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டேன். சித்திரம் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது; இரண்டு தடவையும் பார்த்துப் படம் கீறத் தந்தது கண்ணாடிப் பாத்திரம். மூன்றாவது தடவையும் தவறினால் பள்ளிக்கூட வேலை போய்விடும், பிறகு மாமனாரின் வயல் வட்டையில் வரம்பு கட்ட வேண்டியதுதான். நான் கட்டும் வரம்பின் இலட்சணம் அவருக்குத் தெரியும். அதனால் என்னைவிட அவர்தான் அதிகம் பயந்துபோயிருந்தார்.

மனைவியிடம் ஒரு தேன் போத்தலை வாங்கி மேசையில் வைத்து, பின்னேரங்களில் கீறிப் பழகினேன். எனக்குக் குரு, சீமையில் அச்சடித்த ஒரு சித்திரப் புத்தகம். அதில் போத்தலோ குவளையோ, எதுவானாலும் அதன் தோளில் நாலு கட்டம் போட்ட ஒரு சின்ன வெள்ளைச் சன்னல் மின்னும். நானும் பென்சில் கறுப்பைப் பாண் ரொட்டித் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்து, அதே சன்னலை வைப்பேன். போத்தலோ களிமண்ணில் செய்ததுபோலவே நிற்கும்.

ஒருநாள் எண்ணெய் ஊற்றப் போத்தலைத் திருப்பிக் கேட்க வந்த மனைவி, படத்தைப் பார்த்தாள்.

"இதென்ன, கட்டங் கட்டமா?"

"சன்னல். கண்ணாடியில விழுற வெளிச்சம்."

"நம்மட வீட்டில கண்ணாடிச் சன்னல் எங்க இரிக்கி?"

சுற்றிப் பார்த்தேன். எங்கள் சன்னலுக்கு மரக்கதவு. அதுவும் ஆட்டுக்குப் பயந்து சாத்தியே கிடந்தது. வெளிச்சம் வாசலால்தான் வந்தது. மூன்று மாதமாக யாரோ வெள்ளைக்காரர் வீட்டுச் சன்னலைக் கீறிக்கொண்டிருந்திருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவளை வாசலில் நிற்கச் சொல்லி, போத்தலில் தெரிந்ததைத் தெரிந்தபடியே கீறினேன். அன்றுதான் போத்தல் கண்ணாடியாக வந்தது. அதில் ஈர்க்கைப் போல நீண்டு மெலிந்திருந்த தன்னைக் கண்டு அவள் முகம் சுருக்கினாள்.

"எங்கட அம்மா கண்டா, சோறு போடாம வச்சிரிக்கீங்க எண்டு அழுவா."

பரீட்சைக்குத் தோணியில் வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போனேன். சுற்றிவர அரைச்சுவர் வைத்த மண்டபம். சன்னல் என்று ஒன்றுமே இல்லை. நடுவில் முக்காலிமேல் ஒரு போத்தல். பக்கத்தில் இருந்தவர்களை ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லாரும் அதே புத்தகத்தில் படித்தவர்கள், எல்லார் போத்தலிலும் நாலு கட்டச் சன்னல். புத்தகத்தை நம்புவதா, வீட்டுக்காரியை நம்புவதா?

போத்தலில் தெரிந்த மண்டபத் தூண்களைக் கீறினேன். அவற்றுக்கிடையே வாவியின் வெள்ளைக் கோடு. கதிரையில் இருந்த பருத்த மேற்பார்வையாளரையும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வந்து என் தாளை எட்டிப் பார்த்தார்.

"இதார்?"

"நீங்கதான் ஐயா."

அவர் போய்ப் போத்தலுக்கு முன்னால் குனிந்தார். தன் மெலிந்த உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, கோட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரைக்குத் திரும்பினார்.

தேறிவிட்டேன் என்று கடிதம் வந்த அன்று மாமனார்தான் முதலில் சிரித்தார். நான் மனைவியிடம், "நீ சொல்லாட்டி அண்டைக்கும் அந்தச் சன்னலைத்தான் கீறியிருப்பன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அப்ப அந்தப் பரீட்சைப் படத்தில நான் இரிக்கனா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்; மேற்பார்வையாளரைப் பற்றி மூச்சே விடவில்லை.