ஊட்டியில் ஒரு தொட்டிக்கட்டு ஊடு

ஊட்டி காந்தல்ல நாங்க வாங்கின ஊடு ஒரு துரைசாணி இருந்த ஊடு. புருசன் காலமானதும் அந்தம்மா சீமைக்குக் கப்பலேறிப் போறதுக்கு முன்னால எங்களுக்குக் கொடுத்துட்டுப் போச்சு. பலகைத் தளம், கண்ணாடி போட்ட வராந்தா, முன்னறையில விறகு எரிக்கிற கணப்படுப்பு. அந்தக் குளிருக்குன்னே பார்த்துக் கட்டினது. அப்படியே விட்டிருந்தா கேட்ட விலைக்குப் போயிருக்கும். எங்கூட்டுக்காரருக்குத்தான் கை சும்மா இருக்காதே.

அவரு பல்லடத்துப் பக்கம். மலையேறி வந்து எஸ்டேட்டுகளுக்கு அரிசி, பருப்பு சப்ளை பண்ணி ஆளானவரு. சம்பாதிச்சது பூராவும் அந்த ஊட்டுலதான் கெடந்துச்சு. அதை வித்தாத்தான் கீழ போயி ஒரு கடை வெக்க முடியும்.

கீழ போயே ஆகணும்னு ஆனது எங்க மகளால. சின்னப் புள்ள, இளைப்பு. மழைக்காலத்துல அவ மூச்சு இழுக்கறது சமையக்கட்டு வரைக்கும் கேக்கும். ஆசுபத்திரி டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சுப் பாத்துட்டு, "இந்தக் குளிரு இவளுக்கு ஆகாதும்மா. வெயில் படணும். அடுத்த மழைக்கு முன்னால கீழ கூட்டிட்டுப் போயிருங்க"ன்னாரு. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னுதான் கேட்டோம். நான் கீழ போறதைப் புடிச்சுக்கிட்டேன், அவரு வெயிலைப் புடிச்சுக்கிட்டாரு.

"வெயில்தான அம்மிணி, அதை ஊட்டுக்குள்ளயே கொண்டாந்துடலாம். தொட்டிக்கட்டு ஊடாப் பண்ணிப்போட்டா, விக்கிற வரைக்கும் புள்ளையும் தேறுவா, விக்கறப்ப நம்ம சனம் போட்டி போட்டு வாங்கும்"னாரு.

தொட்டிக்கட்டுன்னா எங்க ஊர்ப் பக்கம் நடுவுல கூரையில்லாத வாசல் விட்டு, சுத்தி அறை கட்டறது. அங்க மழை எப்பவாவது விருந்தாளியா எட்டிப் பாக்கற ஒறம்பரை. ஊட்டியில அதுதான் ஊட்டுக்காரன். நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "ஏனுங்க, ஊட்டி மழையைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசறீங்களா"ன்னு கேட்டேன். தண்ணி போறதுக்குச் சாக்கடை வெச்சிருக்கறதாச் சொன்னாரு.

தை மாசம் நடு அறையோட ஓட்டைப் பிரிச்சாங்க. பலகையைப் பேத்துக் கருங்கல் போட்டாங்க. அதோட விட்டாரா? கணப்படுப்பு நமக்கு எதுக்குன்னு செங்கல் வெச்சு அடைச்சு, அங்க சாமி மாடம் பண்ணினாரு. கண்ணாடி வராந்தாவுல பாதியைச் சுவர் எழுப்பி நெல்லு மூட்டை போட எடம் பண்ணினாரு. நெல்லு ஏதுங்கன்னேன். ஊடுன்னா அதுக்கு ஒரு எடம் இருக்கோணும்னாரு.

பொய் சொல்லக் கூடாது, மாசிக்கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் வெயில் சதுரமா வந்து விழும். என்ற மக அதுல உக்காந்து சொப்பு வெச்சு வெளையாடுவா. அவரு பக்கத்துல உக்காந்து மீசையைத் தடவிக்குவாரு. ஆனா விடியால எந்திரிச்சுப் பாத்தா கல்லு மேல உப்பைத் தூவினாப்புல உறைபனி கெடக்கும். எனக்கு இருப்பே கொள்ளலை. அடுப்புல பாலை வெச்சுட்டு வந்து மழை கட்டுதான்னு மானத்தைப் பாப்பேன், போயி பாலைப் பாத்துட்டு மறுபடியும் வந்து மானத்தைப் பாப்பேன்.

சீசன் வந்துச்சு, வாங்கறவங்களும் வந்தாங்க. மொதல்ல ஒரு துரையும் துரைசாணியும். நடு வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்துட்டு ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிச்சாங்க. கூட வந்த பட்லர் எங்களைப் பாத்து, "இங்க குதிரை கட்டியிருந்தீங்களான்னு துரை கேக்கறாரு"ன்னான். எங்கூட்டுக்காரருக்கு முகம் சுண்டிப் போச்சு.

அப்பறம் மெட்ராசுல இருந்து ஒரு வக்கீல், நம்ம சனம். வாசலைப் பாத்ததும், "அடடே, எங்க ஊட்டு மாதிரியே இருக்கே"ன்னாரு. எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா அவரு சம்சாரம் உள்ள பூரா சுத்திட்டு வந்து, "கணப்பு எங்க? நாங்க சீசனுக்கு வர்றதே அதுக்கு முன்னால உக்காரத்தான்"னு கேட்டுது. சாமி மாடத்தைக் காட்டினோம். கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

எதைச் செஞ்சு ஊட்டைக் கெடுத்தமோ, அதுக்கு மேல இன்னொண்ணு செஞ்சு சரி பண்ணலாம்னு நெனைக்கறது எங்கூட்டுக்காரரு புத்தி. வாசலுக்கு மேல தகரம் போட்டாரு. வெயிலும் போச்சு, ஊடே இருட்டாச்சு. காத்தடிச்சா அது பேய் புடிச்ச மாதிரி டமடமன்னு ஆடும். ஆனி பொறந்து மழை புடிச்சப்ப, தகரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவுல தண்ணி இறங்கிச் சுவரெல்லாம் ஊறிப் போச்சு. புள்ளைக்குப் போட்ட போர்வை கூட நச நசன்னு ஆயிருச்சு. மறுபடியும் மூச்சு இழுக்க ஆரம்பிச்சா.

அப்பத்தான் எஸ்டேட்டுல ரோடு போடற கான்ட்ராக்டர் ஒருத்தர் வந்தாரு. குடையை மடக்கக் கூட இல்லை. "ஊட்டுக்கு நான் வெலை போடலைங்க, இடிச்சுட்டுத்தான் கட்டோணும். மண்ணுக்குத் தர்றேன்"னாரு. எங்கூட்டுக்காரரு கொதிச்சுப் போனாரு. கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா, அது தெரியுமா இது தெரியுமான்னு பேசினாரு. கடைசியில, "அடுத்த சீசன் பாத்துக்கலாம்"னாரு.

அந்தக் காலத்துல ஆம்பளைங்க பேசற எடத்துல பொம்பளை கதவுக்கு வெளிய தலை நீட்ட மாட்டா. நான் புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடுவுல போயி நின்னேன். "இவளுக்கு அடுத்த சீசன் இருக்குதான்னு கேட்டுட்டுச் சொல்லுங்க. ஐயா, நீங்க சொன்ன வெலைக்கே முடிச்சுக்குங்க"ன்னேன். கான்ட்ராக்டர் தரையைப் பாத்தாரு. எங்கூட்டுக்காரரு என்னை அடிக்கத்தான் போறாருன்னு நெனைச்சேன். புள்ள இழுக்கற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்பறம், "அவ சொன்னதுதாங்க"ன்னுட்டு வெளிய போயிட்டாரு.

கீழ வாடகை ஊட்டுல, சின்னப் பொட்டிக்கடையில பொழைப்பை ஆரம்பிச்சோம். அடுத்த மழைக்காலத்துல என்ற மக தெருவுல ஓடினா. ஓடிட்டு நின்னப்பவும் மூச்சு வாங்கலை. நான் கதவைப் புடிச்சுக்கிட்டு அழுதேன்.

இப்ப அவளுக்குப் பேரன் பேத்தி இருக்குது. ஒறம்பரை வந்தா அவ மொதல்ல எடுக்கற கதை இதுதான். "எனக்கு வெயில் வேணும்னு எங்கப்பா கூரையையே பிரிச்சாருங்க"ன்னு சொல்லிக் கண்ணைத் தொடைச்சுக்குவா. எல்லாரும் அடடான்னுவாங்க. ஊட்டை ஏன் வித்தீங்கன்னு யாராவது கேட்டா, "எங்கம்மாவுக்குத்தான் அந்த ஊர் புடிக்கலை"ன்னுவா. எனக்கு வயிறு எரியும். நான் எந்திரிச்சுப் போயி எல்லாருக்கும் காப்பி கலக்குவேன்.