அம்மன் படத்து ஆணியில் ஒரு பேட்ஜ்

செல்லம்மாள் ஒரு பொருளைத் தொலைத்தாள் என்று சேரப்பணஞ்சேரியில் யாரும் சொல்லிவிட முடியாது. இரவல் வாங்கிய ஊசியைக்கூட துருப்பிடிக்காமல் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பாள். அந்த நல்ல குணம்தான் அவள் புருஷன் நடேசன் தலையில் விடிந்தது.

நடேசன் ஒரகடம் ரோட்டில் ஒரு குழாய்ப் பட்டறையில் ஹெல்பர். வெல்டிங் சரியாக விழுந்திருக்கிறதா என்று குழாய்களுக்குள் கதிர் பாய்ச்சிப் படமெடுப்பார்கள். குழாய்கள் அணு உலைக்குப் போகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று வெளியே சொல்லத்தான் கூடாது. சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு சூப்பர்வைசர் பாண்டுரங்கன், "தொலைச்சா வேல காலி. வூட்லயே பத்திரமா வச்சிக்க, செக்கிங் அன்னிக்குக் குத்திகினு வா" என்றான். என்ன அக்கறை பாருங்கள்!

செல்லம்மாள் அதை அம்மன் படம் மாட்டிய ஆணியிலேயே மாட்டினாள். படத்துக்குப் பொட்டு வைக்கும்போது அதையும் துடைத்து வைப்பாள். போட்டிருப்பவன் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதற்குள் இருக்கும் பிலிம்தான் காட்டும் என்பதை அவளுக்கோ நடேசனுக்கோ சொல்ல அந்தப் பட்டறையில் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

தொண்ணூற்றொன்று மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் திரும்பின இடமெல்லாம் போலீஸ். அந்தச் சமயத்தில் ஒருநாள் குழாய்க்கு அடியில் பளபளவென்று ஒரு துண்டு கிடந்தது. ஏதோ மெஷினிலிருந்து கழன்ற ஆணி என்று நினைத்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பட்டறை முழுக்க பாண்டுரங்கனைத் தேடினான் நடேசன். கையை விரித்துக் காட்டியதும் பாண்டுரங்கன் எடுத்த ஓட்டம் இருக்கிறதே! அது கதிர் பாய்ச்சும் பெட்டியிலிருந்து கழன்று விழுந்த துண்டு. தூர நின்றுகொண்டு கீழே போடச் சொன்னான். பிறகு வந்து, "வென்னி கொட்டிச்சுன்னு சொல்லு. இப்போ இருக்கிற நெலமைல வாயத் தொறந்தே, ஜீப்புல ஏத்திகினு பூடுவாங்க" என்றான்.

கை சிவந்தது, கொப்பளித்தது, கறுத்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் நடேசனை விட்டுவிட்டு செல்லம்மாளைப் பார்த்துக் கேட்டார். "இது வெந்நீர் இல்லம்மா. என்னத்தைத் தொட்டார்னு கம்பெனில கேட்டு எழுதி வாங்கிட்டு வா. தெரிஞ்சாத்தான் கையைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

புருஷனையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அதிகாரி உட்காரக்கூடச் சொல்லவில்லை. பாண்டுரங்கனும் பக்கத்தில் நின்றிருந்தான்.

"செக்கிங்ல கழட்டிப் பாத்தாச்சு, பேட்ஜ் பிலிம் சுத்தமா இருக்கும்மா. இவர் மேல கதிர் படவே இல்ல."

"எப்படி சார் படும்? அது வூட்ல அம்மன் படத்துல மாட்டிகினு இருந்தது. இவருதான் வூட்ல வைக்கச் சொன்னாரு."

"நான் எப்பம்மா சொன்னேன்?" என்றான் பாண்டுரங்கன்.

"பேட்ஜ் போடாம வேலை செஞ்சது உங்க தப்பு" என்றார் அதிகாரி. பேட்ஜ் சொன்னாலும் அவர் பக்கம், சொல்லாவிட்டாலும் அவர் பக்கம்.

செல்லம்மாள் நடேசன் கையில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்து, அந்தக் கையை மேஜைமேல் எடுத்து வைத்தாள்.

"ஒண்ணும் படலன்னா, இத்தக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க சார்."

அதிகாரியின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. பாண்டுரங்கன் அதற்குள் வாசற்படியைத் தாண்டியிருந்தான். எழுத்தில் கிடைக்காத பதில் அவளுக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. அதை டாக்டரிடம் போய்ச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். சொல்லும்போது காலம் கடந்துவிட்டிருந்தது. ஆடி முடிவதற்குள் மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள்.

நடேசன் வீடு திரும்பி, இடது கையால் சோறு பிசையப் பழகிக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து ஒரு ஆள் வந்தான். பேட்ஜைத் திருப்பித் தர வேண்டுமாம்.

அது அம்மன் படத்து ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. செல்லம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தொலைஞ்சி போச்சு" என்றாள். "தொலைச்சா வேல காலின்னு சொன்னாரில்ல? காலியாயிடுச்சின்னு போய்ச் சொல்லு."