மாற்றாமல் விட்ட எண்ணெய்

எண்ணெயை மாற்றவே வேண்டாமாம்; பழைய கார் ஏசியில் புது வகை கேஸை அப்படியே ஏற்றினால் போதுமாம். பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் மூன்று வருஷமாக அப்படித்தான் செய்கிறாராம், ஒரு வண்டியும் நின்றதில்லையாம். உதிரிபாகக் கடைக்காரர் சொன்ன இந்தக் கதையை, ஊரே ‘கூலிங்’ என்று கூப்பிடும் ஏசி மெக்கானிக் சிரித்துத் தள்ளிவிட்டுத்தான் வந்தார்.

இருபத்தாறு வருஷத் தொழில். யார் வண்டி வந்தாலும் கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்து, பழைய எண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை வடிப்பார், குழாய்களைக் கழுவுவார், ரப்பர் வளையங்களை மாற்றுவார். அதற்குப் பிறகுதான் புது எண்ணெயும் புது கேஸும். இரண்டு நாள் பிடிக்கும். அவசரப்படுத்தினால், “வேற ஆளைப் பாருங்க சார்” என்பார்.

அக்கா வீட்டுக்காரர், அத்தான், தன் பழைய காரோடு வந்தபோது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமான புதிதில் அவர் வாங்கிய கார் அது. “என்னைப் பார்த்ததைவிட அதைத் துடைச்சதுதான் அதிகம்” என்பாள் அக்கா. மறுநாள் காலை அவளை வெளியூர் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் ஏசி வேண்டும் என்று நின்றார். “நம்ம வண்டிதானே மாப்ள.”

நம்ம வண்டிதானே என்று இவரும் நினைத்தார். திரும்பி வந்ததும் முறையாகச் செய்துகொள்ளலாம் என்று, எண்ணெயைத் தொடாமல் கேஸை ஏற்றினார். காற்று பனிக்கட்டியாக வந்தது. முறையாகச் செய்யும் நாள்தான் வரவேயில்லை.

ஐந்தாம் வாரம் கம்ப்ரசர் இறுகி நின்றது. புது கேஸோடு கலக்காத பழைய எண்ணெய் குழாய்களிலேயே தங்கிவிட, உள்ளே வறண்டு உரசியிருந்தது. அந்த மாடலுக்கு வேறு கம்ப்ரசர் எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

அத்தான் முந்திக்கொண்டார். “கண்ணாடியை இறக்கிவிட்டே ஏசி போட்டேன்டா. என் தப்புதான், இல்ல?”

அப்போதே சொல்லியிருக்கலாம். “வண்டிக்கும் வயசாச்சுல்ல அத்தான்” என்று மழுப்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றிலிருந்து அக்காவின் ஏச்செல்லாம் அத்தானுக்கு.

நேற்று அக்கா பேசினாள். “காரை விக்கப் போறாராம்டா. பார்த்துக்கத் தெரியாதவன் வச்சிருக்கக் கூடாதுன்னு புலம்புறாரு. நாளைக்குப் பத்து மணிக்கு ஆள் வந்து எடுத்துட்டுப் போறாங்க.”

இன்று மணி ஒன்பதே முக்கால். பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த பம்பை அணைத்தார். எண்ணெய்க் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு போனில் அத்தானின் எண்ணை அழுத்தினார். “தப்பு என்னோடது அத்தான்” என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.