என் நாவலுக்கு நான்கெல்லை கேட்ட குமரேசன் அண்ணன்

குமரேசன் அண்ணன் போயிட்டாக. காலையில அவுக மக போன் பண்ணுச்சு... "அத்தே, அப்பா இல்ல"ன்னு மட்டும் சொல்லுச்சு.

சாயங்காலமே அவுக ஊரு கோம்பையில எடுத்துட்டாக. இப்பத்தான் கூடலூர் வந்து சேர்ந்தேன். இதைப் போய் யார்கிட்டச் சொல்ல? அதான் இங்கன எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு... உத்தமபாளையத்துல ஒரு பத்திர எழுத்தர் ஆபீஸ்ல நாங்க ரெண்டு பேரும் பத்தொன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டு. நான் டைப் அடிப்பேன். அவுக வரி வரியா ஒப்புப் பார்ப்பாக.

நாவல் எழுதுறேன்னு வீட்டுல சொன்னப்ப, "அதை எழுதி என்னத்துக்கு ஆகப்போகுது"ன்னு கேட்டாக. அண்ணன் மட்டுந்தான் "குடு தாயி, பார்ப்போம்"னாக.

அதையும் பத்திரம் மாதிரியேதான் படிச்சாக!

"இந்தப் பொண்ணு வாசல்ல நின்னு கத்துறா. எந்த வாசல்? கிழக்க யாரு வீடு, மேற்க என்ன இருக்கு? நான்கெல்லை இல்லாம ஒரு சென்ட் எடத்தையே கிரயம் பண்ண முடியாது. கதையை எப்படி நம்புறது?"

அப்ப சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா, அந்த வாசல் எங்கன இருக்குன்னு எனக்கே தெரியல.

நாவல் நடக்குறது வெள்ளைக்காரன் காலத்துல, முப்பத்தெட்டாம் வருஷம். கூடலூர்ப் பொம்பளைக குமுளி மலைக்கு ஏலக்காய்க் காட்டு வேலைக்குப் போறாக. நான் பாட்டுக்கு எல்லாரையும் ஜீப்புல ஏத்தி விட்டுட்டேன்.

அண்ணன் சிரிச்ச சிரிப்புல ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. "ஏத்தா, ஊருக்குள்ள ஜீப்பு வந்ததே ரெண்டாம் உலகச் சண்டைக்குப் பொறகு. இறக்கி விடு எல்லாத்தையும். நடந்து போகட்டும்."

பதினாலு பேரையும் இறக்கி விட்டேன். நடக்க விட்ட பொறகுதான் அவளுக ஒருத்திகிட்ட ஒருத்தி பேசவே ஆரம்பிச்சாளுக. நாவல்லயே நல்லா வந்த அத்தியாயம் அதுதான்.

எங்களுக்குள்ள சண்டை வந்தது, அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தி செல்லம்மாவோட அப்பா சாகிற எடத்துல.

மலைக்காய்ச்சல்ல அவரு சாவாரு. நாலு பக்கம் ஒப்பாரி வச்சிருந்தேன். அண்ணன் நாலையும் குறுக்குக் கோடு போட்டு அடிச்சு, பத்திரத்துல அடித்தல் திருத்தலுக்குப் போடுற மாதிரி ஓரத்துல கையெழுத்தும் போட்டிருந்தாக.

"அவ பானையில தண்ணி மோந்து குடிக்கிறாள்ல... அதோட நிறுத்திரு தாயி. மிச்சத்தைப் படிக்கிறவன் அழுதுக்கிருவான்."

எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. அது எங்க அப்பாவுக்கு நான் அழாத அழுகை. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், வந்தவகளுக்குச் சாப்பாடுன்னு ஓடி... அன்னைக்கு அழக்கூட எனக்கு நேரமில்ல.

"உங்களுக்குப் பத்திரந்தான் தெரியும், மனுசரைத் தெரியாது"ன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அண்ணன் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டாக. அந்த மாசமே முட்டுவலின்னு வேலையையும் விட்டுட்டாக.

ரெண்டு வருஷம் பேச்சு இல்ல. நானும் வேற யார்கிட்டயும் நாவலைக் காட்டல. காட்ட எனக்கு வேற யாரு இருக்கா.

இந்தச் சித்திரையில ஒக்காந்து முழுசாப் படிச்சுப் பார்த்தேன். அண்ணன் சொன்னதுதான் சரி. நாலு பக்கத்தையும் நானே எடுத்தேன். தண்ணி குடிக்கிறதோட நிறுத்திட்டுப் படிச்சேன்... கேவிக் கேவி அழுதேன்.

போன் பண்ணிச் சொல்ல வாய் வரல. வீம்பு, வேற என்ன? பிரிண்ட் எடுத்துக் கூரியர்ல அனுப்பிட்டேன். ஒரு வரி லெட்டர்கூட வைக்கல. அந்த எடம் வந்தா அவுகளே தெரிஞ்சுக்கிருவாகன்னு விட்டுட்டேன்.

இன்னைக்கு அவுக மக அந்த நாவல் கட்டைக் கொண்டாந்து குடுத்துச்சு. "ஒரு வாரமா இதைத்தான் வச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தாக அத்தே."

வர்ற வழியில பஸ்ஸுல புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் எழுத்து. "இவன் இப்ப எங்கன நிக்கிறான்?" "இதை முன்னாடியே சொல்லிட்டே." ஒரு எடத்துல, "நல்லாருக்கு தாயி."

அறுபத்தொண்ணாம் பக்கத்தோட எழுத்து நின்னுருச்சு.

செல்லம்மாவோட அப்பா சாகிறது அறுபத்தி நாலாம் பக்கம்.

மூணு பக்கம்ணே... இன்னும் மூணே மூணு பக்கம்.

போயிட்டு வாங்க.